குளக்கரையில் கிடைத்த உருண்டை முட்டைகள்: வாளியில் வைத்தால் பொரிக்குமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு குளம். கரையில் பைப் பதிக்க ஜேசிபி வெட்டியபோது மண்ணோடு ஒன்பது வெள்ளை முட்டைகள் சரிந்து விழுந்திருக்கின்றன. பெரிய நெல்லிக்காய் அளவு, நல்ல உருண்டை. ஒன்று உடைந்துவிட்டது. மீதி எட்டையும் வாளியில் ஆற்று மணல் போட்டுப் புதைத்து வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறீர்கள். மூன்று நாள் ஆகிறது. ஆமை முட்டைதானா, பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு இன்குபேட்டரில் வைக்கலாமா, எத்தனை நாளில் பொரிக்கும் என்று மூன்று கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில், "திரும்பவும் கரையிலேயே புதைத்தால் செத்துப்போகுமா அண்ணாச்சி?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

நான் யார் என்று தெரிந்தால் எந்த இடத்தில் என்னை நம்பலாம் என்று உங்களுக்கே விளங்கும். சென்னையில் விலங்கியல் படித்த காலத்தில், 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு இரண்டு பருவம் இராத்திரி இராத்திரியாகக் கடற்கரையில் நடந்து, முட்டை எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்திருக்கிறேன். பிறகு முப்பது வருஷம் பாளையங்கோட்டையில் விலங்கியல் வாத்தியார் வேலை. குளத்து ஆமை முட்டையோடு நேரடிப் பழக்கம் என்பது வனத்துறை ஆட்கள் கூப்பிட்டபோது போய் உதவிய ஏழெட்டு முறைதான். ஆகவே கடலாமை பற்றிச் சொல்வதைத் திடமாகவும், குளத்து ஆமை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இன்குபேட்டர். வேண்டவே வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோழி இன்குபேட்டர் 37.5 டிகிரிக்கு மேல் ஓடும். ஆமைக் கருவுக்கு அது கொதிக்கும் சட்டி. பெரும்பாலான ஆமைகளுக்கு 27 முதல் 31 டிகிரி வரை நல்லது. 34-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் கரு வெந்துவிடும். இரண்டாவது, அந்தப் பெட்டி மணிக்கு ஒருமுறை முட்டையைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பும். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கெடும். ஆமை முட்டையைத் திருப்பினால் கெடும். ஒரு கோழி முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள், மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் வெள்ளையாக முறுக்கு நூல் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். முட்டை எப்படி உருண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் தொட்டில் கட்டி வைப்பது அந்த நூல்தான். ஆமை முட்டையில் அது கிடையாது. இட்ட சில மணி நேரத்தில் கரு மேலே மிதந்து வந்து, ஓட்டின் உள்பக்கச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டிய இடம் பிய்யும், அல்லது மஞ்சள் கருவின் கனம் அதன் மேல் இறங்கி நசுக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, உள்ளே கதை முடிந்திருக்கும்.

தாயின் வயிற்றுக்குள் இருக்கும்வரை அந்தக் கரு வளராமல் நின்றிருக்கும், ஏனென்றால் அங்கே ஆக்சிஜன் குறைவு. வெளியே வந்து காற்றுப் பட்டதும்தான் மறுபடி வளரத் தொடங்கும். அதனால்தான் கடற்கரையில் நாங்கள் ஓட்டமாய் ஓடுவோம்: இட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் உத்தமம், ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் கை வைக்கவே யோசிக்க வேண்டும். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் மிக ஆபத்தான காலம். கரு நன்றாகப் பிடிமானம் கொண்டு வளர்ந்தபின் கொஞ்சம் அசைவைத் தாங்கும். உங்கள் முட்டைகள் ஜேசிபி வாளியிலிருந்து உருண்டு விழுந்தவை. அவை முந்தின இரவு இட்டவையா, ஆறு மாதத்துக்கு முந்தினவையா என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பு. படத்தை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. எட்டில் எத்தனைக்கு உயிர் இருக்கிறது என்று கேட்டால், பூஜ்யமும் இருக்கலாம், எட்டும் இருக்கலாம்.

இனி, ஆமை முட்டைதானா என்பது. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கரையை வெட்டும்போது வெள்ளை உருண்டை முட்டை கிடைத்தால் ஆமை என்று மட்டும் நினைக்கக் கூடாது. வெண்மார்பு மீன்கொத்தி, அதுதான் நீலச் சிறகும் சிவப்பு அலகுமாக மின்கம்பியில் உட்கார்ந்து கத்துமே, கரைச் சரிவில் கை நீளத்துக்குப் பொந்து குடைந்து உள்ளே வெள்ளை உருண்டை முட்டைதான் இடும், அளவும் ஏறத்தாழ இதேதான். வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? மீன்கொத்தி முட்டை வெற்றிடத்தில், ஒரு சின்ன அறைக்குள் கிடக்கும். சுற்றிலும் மீன் முள்ளும் நண்டு ஓடும் வீச்சமும் இருக்கும். ஆமை முட்டை மண்ணுக்குள் இறுகப் பொதிந்து கிடக்கும், வெற்றிடமே இருக்காது. மீன்கொத்தி முட்டை பளபளவென்று மினுங்கும், ஓடு மெல்லிசு. நம் குளங்களில் வாழும் பாலாமையின் முட்டை சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கல் வெள்ளை, ஓடு கெட்டி. முட்டை தோல் மாதிரி வளைந்துகொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் இருந்தால் அது பாம்பு முட்டை. அப்படியே விட்டு நகர்ந்துவிடுங்கள். உடும்பு முட்டையும் தோல் முட்டைதான், ஆனால் பெரிசு.

நீங்கள் சொல்லும் அளவும் உருவமும் எண்ணிக்கையும் பாலாமைக்குப் பொருந்துகின்றன. நம் குளங்களில் பார்க்கிற ஆமை பெரும்பாலும் அதுதான்: மூக்கு பன்றி மூக்கு போல நீண்டு, ஓட்டின் மேல் மெத்தென்ற தோல் போர்த்தி, பின்னங்காலை உள்ளே இழுத்தால் மூடிக்கொள்ள அடியில் இரண்டு மடல் இருக்கும். இன்னொன்று கெட்டி ஓட்டுக் கருப்பு ஆமை. அதன் முட்டை நீளவாக்கில், கூழாங்கல் போல இருக்கும். மூன்றாவது கட்டாமை, முதுகில் நட்சத்திரக் கோலம் போட்டது. அது குளத்து ஆமையே இல்லை, முள்காட்டிலும் பொட்டல் தரையிலும் திரிவது. மழை ஓய்ந்த மாலையில் மண்ணைத் தன் சிறுநீராலேயே நனைத்துக் குழைத்துக் குழி தோண்டும். அதன் முட்டை உங்கள் கரைக்கு வர வழியில்லை.

இப்போது எத்தனை நாள் என்ற கேள்வி. இதற்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாழைத்தோட்டத்தில் மம்பட்டி பட்டு வெளியே வந்த ஆறு பாலாமை முட்டைகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சென்னையில் ஆயிரக்கணக்கில் கடலாமை முட்டை புதைத்தவன் என்ற தலைக்கனம் எனக்கு. பங்குனி ஆமை என்கிற அந்தக் கடலாமை நாற்பத்தைந்து நாளிலிருந்து ஐம்பத்தைந்து நாளுக்குள் பொரித்துவிடும், இது கொஞ்சம் கூடினாலும் எழுபது நாள் என்று கணக்குப் போட்டேன். எழுபதும் போயிற்று, நூறும் போயிற்று. நூற்றுப் பத்தாவது நாள் ஒன்றை உடைத்தேன். உள்ளே கெட்ட வாடை இல்லை. தெளிவான வெள்ளைக் கரு, மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். கரு கூடாத முட்டை என்று முடிவுகட்டி இன்னும் மூன்றை உடைத்துத் தென்னை மூட்டில் கொட்டினேன். மீதி இரண்டை உடைக்கச் சோம்பல்பட்டு அந்த மண்சட்டியைக் கொல்லைப்புறம் மாட்டுக் கொட்டகை ஓரமாக நகர்த்திவைத்து மறந்தேபோனேன். அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை சாணி அள்ளப் போன என் தாயார், "ஏல, சட்டியில என்னமோ நெளியுது பாரு" என்று கூப்பிட்டார்கள். தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவில் இரண்டு குஞ்சு, மூக்கை நீட்டிக்கொண்டு.

பாலாமை முட்டைக்குள் கரு கொஞ்சம் வளர்ந்து, பிறகு மாதக்கணக்கில் உறங்கும். விதை ஈரத்துக்குக் காத்துக் கிடக்கிற மாதிரி. வெளியே குளம் வறண்டு கிடக்கும்போது குஞ்சு வந்து என்ன செய்யும்? தண்ணீர் வருகிற காலத்துக்குப் பொரிப்பு வந்து பொருந்துகிறது. எட்டு ஒன்பது மாதம், சில சமயம் ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது இந்த இனத்துக்குச் சாதாரணம். இந்த உறக்கம் உண்டு என்பது உறுதி. அதை உடைப்பது எது என்பதில்தான் கருத்து பலவிதம். சில ஆமைகளில் ஒரு குளிர்காலம் கடந்து வெப்பம் ஏறினால்தான் கரு விழிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் மார்கழிப் பனிக்கே அவ்வளவு குளிர் இல்லையே, அதே விதியை இங்கே அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை. மழை ஈரம் பட்டதும் தயாராக இருந்த குஞ்சு வெளியே வருகிறது என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது, அதுவும் ஒரே ஒரு தடவை. ஆகவே நாள் எண்ணாதீர்கள். இது ஆனி மாதம். கார் நெல் பருவம் போய், அடுத்த பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற காலம் வரைக்கும் பொறுங்கள். இடையில் "உயிர் இருக்கா பார்ப்போம்" என்று ஒன்றை உடைத்துப் பார்க்கும் புத்தி வந்தால் என் தென்னை மூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெரியவர்கள் மீன் பார்த்துப் பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்று குருவின் தீட்சைக்கு உவமை சொல்வார்கள். முட்டையைப் புதைத்துவிட்டுத் தாய் தண்ணீருக்குள் போய்விடுகிறது, ஆனாலும் பொரிக்கிறதே என்று வியந்தவர்கள் சொன்ன வார்த்தை அது. உண்மையில் தாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மண்ணின் சூடும் ஈரமுமே அடைகாக்கின்றன. அந்தச் சூட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடலாமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் போனால் பெண், கீழே போனால் ஆண். பொரிப்பகத்தின் மேல் ஓலைப் பந்தல் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். பாலாமை மென்னோட்டு ஆமைக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஆராய்ந்த இனங்களில் பாலினம் மரபிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே உங்கள் வாளியின் சூடு எல்லாவற்றையும் ஒரே பாலாக்கிவிடும் என்ற கவலை வேண்டாம், வெந்துபோகாமல் இருந்தால் போதும்.

சரி, கரையில் திரும்பப் புதைக்கலாமா? புதைக்கலாம், அதுவே முதல் வழி என்பேன். ஆனால் நீங்களாகவே செய்வதற்கு முன் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில், ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்ந்தே வருகின்றன. பாலாமை அட்டவணை ஒன்றில் இருக்கிறது, புலிக்குக் கொடுத்திருக்கும் அதே இடம். குற்றம் என்று ஆகிவிட்டால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பயமுறுத்தச் சொல்லவில்லை. காப்பாற்ற எடுத்தவரை உள்ளே தள்ளியதை நான் பார்த்ததில்லை. ஆனால் சொல்லாமல் வீட்டில் வைத்திருந்து, பிடிக்காதவர் ஒருவர் போட்டுக்கொடுத்தால், காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். இன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் தகவல் சொல்லி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய கரையையும் வாளியையும் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் வரத் தாமதமானால், மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் இருக்கிறது. தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள், யாரைப் பிடிப்பது என்று வழிகாட்டுவார்கள்.

அவர்கள் சரி என்றால் இப்படிச் செய்யுங்கள். கரையில் ஜேசிபி இனி வராத இடமாக, குளம் நிரம்பி மறுகால் வழியும் மட்டத்துக்கு மேலே, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படுகிற இடமாகப் பாருங்கள். கரை மண்ணே போதும், கடையில் மணல் வாங்க வேண்டாம். ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியில் கொஞ்சம் உதிர்மண் போடுங்கள். வாளியில் முட்டை எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அந்த இடத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதே பக்கம் மேலே இருக்கும்படி இறக்குங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். மூன்று நாளுக்கு முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்ற ஆராய்ச்சியும் வேண்டாம், இப்போது இருப்பதே இனி அதன் திசை. ஒன்றன் மேல் ஒன்று அழுந்தாமல் வைத்து மண்ணைக் கையால் மூடுங்கள், காலால் மிதிக்காதீர்கள். மேலே இரண்டு அங்குலக் கண் வைத்த கம்பி வலையைப் பரப்பி, ஓரங்களைப் புதைத்துக் கல் வையுங்கள். கீரியும் நாயும் காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வருவது முதல் சில நாளில்தான் அதிகம். வலையின் கண்ணை அதைவிடச் சிறிதாக்கினால் குஞ்சு வெளியே வர முடியாமல் வெயிலில் காய்ந்து சாகும்; இந்தத் தவற்றை நல்ல மனசுக்காரர்கள்தான் செய்வார்கள்.

கரை வேலை இன்னும் முடியவில்லை, ஊரில் பன்றித் தொல்லை அதிகம், வனத்துறையே "நீங்களே வைத்திருங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்று சொல்கிறது என்றால் மட்டும் வாளி. அப்போதும் இப்போதிருக்கும் ஏற்பாடு போதாது. பிளாஸ்டிக் வாளியில் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் அடியில் தேங்கி முட்டை மூச்சு முட்டிச் சாகும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக அது சுவாசிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவிக் காயவைத்து, அடியிலும் பக்கத்திலும் பென்சில் பருமனில் துளை போடுங்கள். பாதி ஆற்று மணல், பாதி ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும், விரல் இடுக்கில் ஒரு சொட்டும் வரக் கூடாது. பாலாமை முட்டை கெட்டி ஓடு, ஈரம் கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும். ஈரம் கூடுவதுதான் ஆபத்து. வாரம் ஒருமுறை ஓரத்தில் தண்ணீர் தெளித்தால் போதும், முட்டையின் மேல் ஊற்றாதீர்கள்.

பெட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள், மேற்கு வெயில் அடித்தால் தளத்தின் சூடு உள்ளே ஏறும். ஓட்டுக்கூரையோ ஓலைக்கூரையோ உள்ள தாழ்வாரத்தில், தரையில் படாமல் நாலு செங்கல் மேல் வையுங்கள். ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸ், மருந்து எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றின் முனையை மணலுக்குள் சொருகி, மத்தியானம் மூன்று மணிக்கு 32-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள், பெட்டியை ஆட்டாமல் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி. முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டில் லேசாகப் பூஞ்சணம் பிடித்தால் அதனாலேயே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாற்றம் அடித்து, ஓடு கரும்பச்சையாகி, ஈ மொய்த்தால் அந்த ஒன்றை மட்டும் கரண்டியால் எடுத்துவிடுங்கள். மொபைல் டார்ச்சை ஓட்டில் வைத்து இருட்டறையில் பார்த்தால் சிவப்பு நரம்பு தெரியும் என்பது உண்மைதான், ஆனால் உறங்கும் கருவில் ஒன்றும் தெரியாது. தெரியாததை வைத்து நீங்கள் தப்பான முடிவுக்குப் போவீர்கள். பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், ஆமையிடமிருந்து சால்மோனெல்லா என்ற வயிற்றுக்கடுப்புக் கிருமி ஒட்டும்.

குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளைத்த பிறகு முழுசாக வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் கை துறுதுறுக்கும், ஓட்டைப் பிய்த்து உதவத் தோன்றும். கூடாது. வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், அது உள்ளே இழுபடுகிற நேரம் அது. தொங்கல் மறையும்வரை ஈரத்துணி விரித்த தட்டில், மூடி போட்டு, இருட்டில் வையுங்கள். சோறு, பொரி, மீன் தொட்டி உணவு எதுவும் போடாதீர்கள். உள்ளே இழுத்த மஞ்சள் கருவே முதல் சில நாள் சாப்பாடு. வயிறு மூடியதும் வனத்துறையைக் கூட்டிக்கொண்டு போய், அதே குளத்தில், சாயங்காலம் கொக்கு அடங்கின பிறகு, கரையோரப் புல்லும் ஆகாயத்தாமரையும் உள்ள இடத்தில் விடுங்கள். வேறு குளத்தில் வேண்டாம். நாலு நாள் வளர்த்துப் பார்க்கலாமே என்று வைத்துக்கொண்டால், மீட்பு என்பது போய் அட்டவணை ஒன்று விலங்கை வீட்டில் அடைத்தது என்று ஆகிவிடும்.

கீழே இன்னொருவர் உவரியிலும் கூடுதாழையிலும் கடற்கரையில் முட்டை கண்டால் இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டிருந்தார். செய்யக் கூடாது. அது முற்றிலும் வேறு. பங்குனி ஆமை ஒரே குழியில் நூறுக்கு மேல் இடும், ஓடு தோல் போல மெத்தென்று இருக்கும், குழி ஒன்றரை அடி ஆழம், குடம் மாதிரி அடி அகன்றிருக்கும். தையிலிருந்து சித்திரை வரை வனத்துறையின் பொரிப்பகங்கள் நடக்கின்றன. தடத்தைக் கண்டால் குழியைத் தோண்டாமல், தடத்தைக் கலைக்காமல், நாயை விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போன் பண்ணுவதுதான் வேலை. கையில் டார்ச் அடித்துப் படம் பிடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் கண்டால் தாய் இடாமலே திரும்பிவிடும்.

உங்கள் அம்மா "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி வாளியை வெளியே வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பழமொழியில் இருப்பது ஆமையே இல்லை, ஈரம் ஏறி ஆம்பி பூத்த வீடு என்பதுதான் அப்படித் திரிந்தது என்று சொல்வோர் உண்டு. அது நிச்சயமா என்றால் நிரூபணம் இல்லை, காதுக்கு நன்றாயிருக்கிறது, அவ்வளவே. ஆனால் இந்த விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள், வாளியின் இடம் வீடு இல்லைதான்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்ய முடிந்தால் செய்யுங்கள். கரையில் உடைந்த அந்த ஒன்பதாவது முட்டையின் ஓடு இன்னும் வெட்டிய மண்ணில் கிடக்கக் கூடும். எடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போடுங்கள். இரண்டு விரலில் வைத்து அழுத்தினால் எப்படி உடைகிறது என்றும் எழுதுங்கள். பீங்கான் மாதிரி கெட்டியாக நொறுங்கினால் மேலே சொன்னபடி போகலாம். மெல்லிசாகத் தூளாகி, உள்ளே மீன் வாடையும் வந்தால், எட்டும் மீன்கொத்தி முட்டை. அதற்கு நான் வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.